டொமினிக் ஜீவா: புகழ்ச்சிக்கும் வாசிப்புக்கும் இடையில்

டொமினிக் ஜீவா 2021ம் ஆண்டு ஜனவரி 28ம் திகதி கொழும்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது 93. நாம் வாழும் பாரிசில் அந்நாட்களில் உணவகங்கள் எல்லாம் கொரோனாவினால் பூட்டிக் கிடந்தன. 2020 ஒக்ரோபர் கடைசியில் பூட்டிய கதவுகள் அடுத்த மே மாதம்தான் திறந்தன. குசினிகளில் வேலை செய்யும் எம்மைப் போன்றவர்களுக்கு, இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதன்முறையாக நிறைய நேரம் கிடைத்தது. அந்த நாட்களில் இணையவழியாக நடந்த ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் நாமும் இருந்து கேட்டோம்.

ஏழுபேர் பேசினார்கள். மனப்பூர்வமாகத்தான் பேசினார்கள், அதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏழு பேச்சும் ஒரே பேச்சாக இருந்தது. தனிமனிதராக நின்று 46 ஆண்டுகள் ஒரு சஞ்சிகை நடத்தினார், 401 இதழ்கள் கொண்டுவந்தார், பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வீதிவீதியாகத் திரிந்து விற்றார், எளிய நிலையிலிருந்து உயர்ந்தார். அந்த 'எளிய நிலை' என்ன என்பதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அந்த 401 இதழ்களில் ஒன்றிலிருந்தாவது ஒரு கதையை, ஒரு கட்டுரையை, ஓர் ஆசிரியர் தலையங்கத்தைக் குறிப்பிட்டு ஒருவரும் பேசவில்லை. கடைசியாகப் பேசியவர் மட்டும் ஒரு பகிடி விட்டார். ஜீவா சலூனில் பிடித்த கத்தரிக்கோலை மல்லிகையில் பிடிக்கவில்லை, வந்ததையெல்லாம் போட்டுவிட்டார் என்றார். திரையில் சின்னச்சின்னப் பெட்டிகளுக்குள் இருந்த முகங்கள் சிரித்தன. நாமும் சிரித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரிப்பு பிறகு எம்மை விடவில்லை. அந்தப் பகிடிக்குள் ஒரு விமர்சனம் இருக்கிறது. அதைப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நாம் சிரித்தது விமர்சனத்துக்காக அல்ல. கூட்டம் முழுக்க ஒளித்து வைத்திருந்த ஒரு சொல் கடைசியில் வெளியே வந்து விழுந்துவிட்டதே, அதற்குத்தான் சிரித்தோம். இரண்டு மணித்தியாலம் ஒரு மனிதரைப் புகழ்ந்துவிட்டு, பிரியும்போது அவருடைய சாதித்தொழிலை நினைத்துச் சிரித்துவிட்டுப் போனோம். இப்படித்தான் எமது சமூகம் ஒரு பத்திராதிபரை வழியனுப்பி வைத்தது.

நாம் வேலை செய்யும் உணவகத்தின் பத்ரோன் நல்ல மனிதர். வருடக் கடைசியில் எமது முதுகில் தட்டி, உங்கள் ஆட்கள் நல்ல உழைப்பாளிகள் என்பார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருமுறையேனும் ஒரு கரண்டியை நீட்டி, இந்தச் சோஸுக்கு உப்புக் காணுமா என்று எம்மிடம் கேட்டதில்லை. எமது கை அவருக்கு வேண்டும். எமது நாக்கு வேண்டாம். உழைப்பை மாத்திரம் புகழ்வதென்பது ஒருவருக்கு ரசனை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது என்பதை மரியாதையாக மறுப்பதுதான் என்பதைக் குசினியில் நிற்கும் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு பத்திராதிபரின் தொழிலோ முழுக்க முழுக்க ரசனையும் தீர்ப்பும் சம்பந்தப்பட்டது. எதை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது, யாரை அட்டையில் போடுவது, எந்த விடயத்தில் பேசுவது, எதில் மௌனமாயிருப்பது. ஜீவாவின் கால்களையே நாம் இத்தனை காலமும் புகழ்ந்து வந்திருக்கிறோம். அவருடைய தீர்ப்புகளை எடுத்து, இது சரி, இது பிழை என்று பேசவில்லை. அப்படிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாம் கருதுகிறோம்.

*

எமது வீட்டில் சித்தப்பாவின் றங்குப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பத்து வருடத்துக்கு மேற்பட்ட மல்லிகை இதழ்கள் இருந்தன. "அது ஜீவா கையில தந்த புத்தகங்கள், ஈரக்கையோட தொடாதை" என்பார் சித்தப்பா. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எமக்கு ஏழு வயது. அரிசியும் பாயும் சைக்கிளில் ஏறின. றங்குப்பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், முடிக்காமல் விட்டுவந்த படிப்பின் நடுவில், நூலகத்தில் சில இதழ்களைப் புரட்டியதுண்டு. ஒழுங்காக வாசித்தது உணவகங்கள் பூட்டிக்கிடந்த அந்த மாதங்களில்தான். 'நூலகம்' இணையத்தளத்தில் மல்லிகை இதழ்கள் பெருமளவில் கிடைக்கின்றன. தொலைபேசித் திரையில் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தோம். எல்லாவற்றையும் வாசித்துவிட்டோம் என்று சொல்லமாட்டோம். ஒரு கருத்துச் சொல்லக்கூடிய அளவுக்கு வாசித்திருக்கிறோம்.

முதலில் அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1927 ஜூன் 27ம் திகதி யாழ்ப்பாணத்தில் பிறந்தார். சாதி அவமதிப்புத் தாங்காமல் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் குடும்பத்தின் தொழிலகம். முடிவெட்ட வருபவர்கள் அங்கே பத்திரிகை வாசித்தார்கள், அரசியல் பேசினார்கள். பிறகு எழுத்தாளர்களும் வந்து கூடினார்கள். அந்தச் சலூனையே தனது சர்வகலாசாலை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. தமிழகக் கம்யூனிஸ்ட் தலைவர் ப.ஜீவானந்தம் தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்தபோது ஏற்பட்ட பழக்கத்தால் டொமினிக், டொமினிக் ஜீவா ஆனார்.

1960இல் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. அதற்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1962இல் 'பாதுகை', 1967இல் 'சாலையின் திருப்பம்'. கே.டானியல், எஸ்.பொன்னுத்துரை, டொமினிக் ஜீவா என்று மூவரையும் சேர்த்துச் சொன்ன காலம் அது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வாழ்க்கையைத் தம் பேச்சிலேயே எழுதத் தொடங்கியதும் பண்டிதர்கள் துடித்துப்போனார்கள். இழிசனர் வழக்கு என்று அந்த எழுத்துக்குப் பெயர் வைத்தார்கள். மொழியைப் பற்றிய விவாதமாக வெளியில் தெரிந்தது, உண்மையில் யார் எழுதலாம் என்பது பற்றிய விவாதந்தான்.

இந்தப் பின்னணியில்தான் 1966 ஆகஸ்டில் மல்லிகையின் முதல் இதழ் வந்தது. அந்த மாதத்தை நாம் கவனிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, ஒக்ரோபர் 21ம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதைத் தொடர்ந்து தேநீர்க்கடைப் பிரவேசம், 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசம். அன்றைய யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது. வெளியே நிற்க வேண்டும். தகரப்பேணியிலோ போத்தலிலோ தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் கிளாசைத் தொடக்கூடாது. அந்தக் கிளாசுக்காக மனிதர்கள் அடிவாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள்.

*

இனி மல்லிகைக்கு வருவோம். மல்லிகையை எடுத்தவுடன் கண்ணில் படுவது அட்டைப்படம். பெரும்பாலும் ஒரு மனிதரின் முகம். எழுத்தாளர், விமர்சகர், நாடகக்காரர், ஓவியர், சிங்கள எழுத்தாளர், முஸ்லிம் எழுத்தாளர், மலையக எழுத்தாளர். உள்ளே அவரைப்பற்றி ஒரு கட்டுரை. எழுத்தாளர்களின் படத்தை அட்டையில் போடும் வழக்கத்தைச் சென்னையில் விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' முன்னமே செய்திருந்தது. அதில் எழுதியவர்தான் ஜீவா. ஆனால் சரஸ்வதியிலிருந்து எடுத்ததை அவர் நாற்பது வருடத்துக்கு மேலாக விடாமல் செய்தார். அக்கட்டுரைகள் பின்னர் 'மல்லிகை முகங்கள்' போன்ற நூல்களாகவும் வந்தன.

இது ஏதோ அலங்காரம் என்று நாம் முதலில் நினைத்தோம். வாசிக்க வாசிக்கத்தான் அதன் அர்த்தம் புரிந்தது. முகத்தைப் பார்க்காமல் சாதியைப் பார்த்த ஓர் ஊரில், மாதத்துக்கு ஒரு முகத்தை எடுத்து, இவரைப் பாருங்கள் என்று காட்டியிருக்கிறார். எந்தக் கதிரையில் எவர் இருக்கலாம் என்று ஊர் விதித்திருந்ததோ, அந்த விதி அவருடைய கடையில் செல்லவில்லை. பேராசிரியரும் இருந்தார், நேற்று முதற்கதை எழுதிய பெடியனும் இருந்தான். எல்லோருக்கும் ஒரே கிளாஸ். அவருடைய ஆசிரியத்துவத்தின் அடிப்படைத் தீர்ப்பு இது என்றே நாம் கருதுகிறோம். இது தற்செயலாக நேர்ந்ததுமல்ல, வெறும் நல்ல மனதால் வந்ததுமல்ல. தகரப்பேணியைக் கண்ட ஒருவர் யோசித்து எடுத்த முடிவு.

இதே முடிவைத்தான் பிரதேசச் சிறப்பிதழ்களிலும் காண்கிறோம். நீர்கொழும்பு, திக்குவல்லை என்று யாழ்ப்பாணத்தவர்கள் இலக்கிய வரைபடத்தில் குறித்துக்கொள்ளாத ஊர்களுக்கு மல்லிகை போயிருக்கிறது. தென்னிலங்கையில் சிங்கள ஊர்களுக்கு நடுவில் வாழ்ந்த முஸ்லிம் இளைஞர்கள் தமிழில் எழுதினால் அதை யார் போடுவார்கள் என்ற கேள்விக்கு மல்லிகை பதிலாக இருந்தது. சிங்களக் கதைகள் தொடர்ந்து தமிழில் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சஞ்சிகை, யாழ்ப்பாணமே ஈழத்து இலக்கியம் என்ற எண்ணத்தைத் தளர்த்தியது. இதைக் கைலாசபதியோ சிவத்தம்பியோ கோட்பாடாக எழுதியிருக்கலாம். மாதாமாதம் பக்கமாகப் போட்டுக் காட்டியவர் ஜீவா.

'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதியையும் சொல்ல வேண்டும். வாசகர்கள் கேட்பார்கள், ஆசிரியர் பதிலளிப்பார். அவருடைய எழுத்தில் எமக்கு அதிகம் பிடித்தது இதுதான். தலையங்கங்களில் அடிக்கடி மேடைக்குரல் வந்துவிடுகிறது. தூண்டிலிலோ அவர் சலூன் கதிரைக்குப் பின்னால் நின்று பேசுவது போலவே பேசுகிறார். எதிரில் இருப்பவரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும் தொனி. கோபம் வந்தால் கோபம், பெருமை வந்தால் பெருமை. பெருமை கொஞ்சம் அதிகமாகவும் வரும். பிறர் மறுத்ததைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்த ஒருவரின் பெருமை அது என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

*

இனிக் குறைகள்.

கத்தரிக்கோல் பகிடியில் இருந்த விமர்சனம் ஓரளவுக்குச் சரி. மல்லிகையில் வந்த கதைகளில் கணிசமானவை பலவீனமானவை. ஏழைத் தொழிலாளி, இரக்கமற்ற முதலாளி, கடைசிப் பந்தியில் சிவக்கும் வானம் என்று ஒரே அச்சில் வார்த்த கதைகள் ஏராளம். செங்கை ஆழியான் தொகுத்த 'மல்லிகைச் சிறுகதைகள்' நூலை வாசிப்பவருக்கு நல்ல கதைகள் எத்தனை வந்திருக்கின்றன என்பது தெரியும். ஆனால் தொகுப்பில் சேராதவற்றையும் பார்த்தால்தான் அவை எதற்குள்ளிருந்து பொறுக்கப்பட்டன என்பது தெரியும்.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 1975இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'அலை' 1990வரை 35 இதழ்களே வந்தது. மல்லிகையின் எண்ணிக்கையில் பத்திலொன்றும் இல்லை. ஆனால் அலையில் எதைப் போடக்கூடாது என்ற தெளிவு இருந்தது. முற்போக்கு அணியினர் உள்ளடக்கம் சரியென்றால் கலையைப் பார்ப்பதில்லை என்று அலைக்காரர்கள் வைத்த குற்றச்சாட்டு நியாயமானது. மல்லிகையை வாசித்தபிறகும் எமக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் கதவை அகலத் திறந்ததும், வந்ததையெல்லாம் போட்டதும் வெவ்வேறு விடயங்களல்ல, ஒரே தீர்ப்பின் இரண்டு பக்கங்கள். திருப்பி அனுப்பப்படுவது என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர், இன்னொருவரைத் திருப்பி அனுப்பத் தயங்கினார். அந்தத் தயக்கத்தால் எழுதவந்தவர்கள் பலர். அந்தத் தயக்கத்தாலேயே வளராமல் நின்றவர்களும் பலர். ஓர் இளம் எழுத்தாளனுக்கு, இது போதாது, திரும்ப எழுது என்று சொல்வதும் ஒரு மரியாதைதான். சோஸில் உப்புக் குறைவு என்று சொன்னால்தான் அடுத்த தடவை சரியாக வரும். மல்லிகை தன் எழுத்தாளர்களுக்கு அந்த இரண்டாவது மரியாதையைப் போதியளவு கொடுக்கவில்லை.

அட்டைப்படக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். மாதம் ஒருவரைக் கௌரவிக்க வேண்டும் என்ற நியதி, மாதம் ஒருவரைப் புகழ வேண்டும் என்ற நியதியாக மாறிவிட்டது. ஈழத்து இலக்கியத்தில் விமர்சனம் எழுத உட்கார்ந்தவர்கள் பாராட்டுரை எழுதிவிட்டு எழும்பும் பழக்கத்தை மல்லிகை உண்டாக்கவில்லை; ஆனால் வளர்த்தது. நாம் ஆரம்பத்தில் சொன்ன அஞ்சலிக் கூட்டத்தின் ஏழு பேச்சுகளும் அந்தப் பக்கங்களில் பயின்ற பேச்சுகள்தான். தான் வளர்த்த பழக்கத்தாலேயே அவர் புகழப்பட்டார், வாசிக்கப்படவில்லை. அட்டைகளில் பெண்களின் முகங்கள் எவ்வளவு அரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதியின் கதிரையை உடைத்த கடையில் இந்தக் கதிரை நெடுங்காலம் அசையவில்லை.

அடுத்தது அரசியல். 1960களில் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபோது டானியல் பீக்கிங் சார்பு அணியிலும் ஜீவா மொஸ்கோ சார்பு அணியிலும் நின்றார்கள். தீண்டாமைக்கு எதிராகத் தெருவில் நின்ற வெகுஜன இயக்கத்தை நடத்தியது டானியலின் பக்கம். ஒரே அவமானத்தைக் குடித்து வளர்ந்த இரண்டு நண்பர்கள், தூரத்து நாடுகள் இரண்டின் சண்டையால் இரண்டு பக்கமாக நின்றதை இன்று வாசிக்கும்போது துக்கமாக இருக்கிறது. இயக்கங்களின் பெயரால் பிரிந்து நின்ற எமது தலைமுறைக்கு இதைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி இல்லை.

தேசிய இனப்பிரச்சினையில் முற்போக்கு அணி பிந்தித்தான் விழித்தது. 1975இல் கொழும்பில் எழுத்தாளர்கள் தேசிய ஒருமைப்பாட்டு மாநாடு கூட்டியபோது யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனம் வேறு திசையில் வெகுதூரம் போய்விட்டிருந்தது. மல்லிகையும் அந்த ஒருமைப்பாட்டு நம்பிக்கையோடு இருந்தது. சிங்கள மக்களையும் சிங்கள அரசையும் பிரித்துப் பார்த்தது சரியானது. அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அதே அழுத்தத்தோடு பேசாதது பிழையானது.

*

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி மௌனம் பற்றியது. எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடுவரை யாழ்ப்பாணத்தில் ஒரு சஞ்சிகை வருவதென்றால் என்ன? 1990க்குப் பின் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் இல்லை. பத்திரிகைகளே கொப்பித்தாளில் வந்தன. மேலே விமானம். கீழே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எம்மவர்கள். 1989 செப்ரெம்பரில் ராஜினி திராணகம வீதியில் வைத்துச் சுடப்பட்டார். 1991இல் கவிஞர் செல்வி கொண்டுசெல்லப்பட்டார்; திரும்பி வரவில்லை. அந்நாட்களின் மல்லிகையில் நாம் தேடிய சில சொற்கள் எமக்குக் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் பாரிசிலும் பேர்லினிலும் ஒஸ்லோவிலும் வந்த புகலிடச் சஞ்சிகைகள் அந்தச் சொற்களை எழுதின. அதில் எமக்குப் பெருமை உண்டு. இங்கும் எழுதியவர்களை மிரட்டினார்கள், அடித்தார்கள். 1994 மே மாதத்தில் சபாலிங்கத்தை இதே பாரிசில் சுட்டுக்கொன்றார்கள். ஆகவே தூரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பாதுகாப்பாக இருந்து எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு அறையில் ஈய எழுத்துக்களைக் கோத்துக்கொண்டிருந்தவரிடம், நீ ஏன் எழுதவில்லை என்று இங்கேயிருந்து கேட்பதற்கு முன் ஒருகணம் யோசிக்க வேண்டும்.

யோசித்தபிறகும் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. தொடர்ந்து வருவதுதான் முக்கியம் என்று ஒரு சஞ்சிகை முடிவெடுத்தால், அதைத் தொடரவிடாமல் செய்யக்கூடியவற்றை அது தவிர்க்கும். நாற்பத்தாறு வருடத் தொடர்ச்சியைப் புகழ்பவர்கள் இந்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும். அது கொடுக்கக்கூடாத விலை என்று நாம் சொல்லமாட்டோம். அந்த மல்லிகை வந்திராவிட்டால் அந்த வருடங்களில் எழுதத் தொடங்கியவர்கள் எங்கே எழுதியிருப்பார்கள்? சித்தப்பா போன்றவர்கள் எதை வாசித்திருப்பார்கள்? ஒவ்வொரு மாதமும் ஒரு மனிதர் பையோடு படலையைத் திறந்துகொண்டு வருவார் என்பதே ஒரு ஊருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஊரை இழந்தவர்கள் அறிவார்கள். ஆனால் விலை கொடுக்கப்பட்டது. அதை இல்லையென்று சொல்வது அவரைக் குழந்தையாக்குவது. அவர் தெரிந்தே கொடுத்திருப்பார் என்றுதான் நாம் நம்புகிறோம்.

*

சி.சு.செல்லப்பாவை எமது வாசகர்கள் அறிவார்கள். 1959 முதல் 1970வரை சென்னையில் 'எழுத்து' நடத்தினார். 119 இதழ்கள். அவரும் புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊரூராகப் போய் விற்றவர். ஆனால் செல்லப்பாவைப் பற்றி எழுதுபவர்கள் அவர் சுமந்த மூட்டையோடு நிற்பதில்லை. புதுக்கவிதை பற்றி அவர் எடுத்த முடிவுகள், விமர்சனம் பற்றிய அவருடைய கொள்கை, எங்கே சரி, எங்கே பிழை என்று இன்றுவரை பக்கம்பக்கமாகச் சண்டை பிடிக்கிறார்கள். மூட்டை அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதி. ஜீவாவுக்கோ பைதான் முழு வாழ்க்கையும் என்று ஆக்கிவிட்டோம். இரண்டுபேரும் சுமந்தார்கள். ஒருவர் சுமந்தது தியாகம், மற்றவர் சுமந்தது 'அவர்களுக்குப் பழகிய' உழைப்பு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நாம் கவனித்தோம். 'சாலையின் திருப்பம்' தொகுதிக்குப் பின்னர் ஜீவாவின் சிறுகதைகள் அருகிப்போகின்றன. ஏழு வருடத்தில் மூன்று தொகுதி தந்தவர், பிறகு சொந்தக் கதைகளைப் பார்க்கிலும் பிறர் கதைகளின் எழுத்துப்பிழைகளையே அதிகம் பார்த்தார். சஞ்சிகை எழுத்தாளனைத் தின்றுவிட்டது. 1999இல் வந்த சுயசரிதை 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' வாசிக்கையில், இந்த உரைநடைக்காரர் இவ்வளவு காலம் எங்கே இருந்தார் என்று தோன்றியது. சலூனும் பள்ளிக்கூடமும் வீதியும் வரும் பக்கங்களில் மேடைக்குரல் இல்லை. நாம் அவரைச் சஞ்சிகை ஆசிரியர் என்று கொண்டாடியபோது எழுதாமல் போன கதைகளுக்காக ஒருவரும் கவலைப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மல்லிகையை மீண்டும் கொண்டுவந்தார். அப்போது அவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். அந்த வயதில் இடம்பெயர்ந்த ஒருவர் இழந்ததை எண்ணிக்கொண்டிருப்பார். இவர் 'மல்லிகைப் பந்தல்' என்ற பதிப்பகத்தின் பெயரால் வரிசையாகப் புத்தகங்கள் போடத் தொடங்கினார். அவர் போட்டவற்றில் பல, ஊரில் வேறு பதிப்பகம் தேடிப்போக வசதியற்றவர்களின் முதற்புத்தகங்கள். கதவைத் திறந்துவைக்கும் அதே தீர்ப்பு, அதே பலம், அதே பலவீனம்.

2012 கடைசியில் 401வது இதழோடு மல்லிகை நின்றது. ஆசிரியரும் அவரே, விற்பனையாளரும் அவரே, கணக்குப்பிள்ளையும் அவரே என்று நாம் எதைப் புகழ்ந்தோமோ, அதனாலேயே அது நின்றது. கடையைக் கைமாற்றிக் கொடுக்க அவர் ஓர் ஆளைப் பழக்கவில்லை. பழக வருகிறோம் என்று நாமும் வரிசையில் நிற்கவில்லை. புகலிடத்தில் எமக்கு இது புதிதல்ல. தூண்டில், மனிதம், சுவடுகள், ஓசை, அம்மா, எக்ஸில் என்று எத்தனை பெயர்கள். ஒருவரோ இருவரோ இரவு வேலை முடித்துவந்து தட்டச்சுச் செய்தார்கள், தபாற்செலவுக்குச் சம்பளத்தில் எடுத்தார்கள், களைத்தார்கள், நின்றது. ஒவ்வொன்றுக்கும் நல்ல அஞ்சலி எழுதினோம்.

எனவே நாம் ஒரு சிறிய காரியத்தை முன்மொழிகிறோம். இங்கே லாச்சப்பலில் ஒரு மல்லிகை வாசிப்புக் கூட்டம் வைக்கலாம். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மல்லிகை இதழை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு வரவேண்டும். அதில் ஆசிரியர் போட்டிருக்க வேண்டியது எது, போட்டிருக்கக் கூடாதது எது என்று பத்து நிமிடம் பேச வேண்டும். பைக்கும் நடைக்கும் அன்று விடுமுறை. சலூன் என்ற சொல்லை வெட்கமில்லாமல் சொல்ல வேண்டும்; சொல்லும்போது ஒருவரும் சிரிக்கக்கூடாது. திங்கட்கிழமையென்றால் எமக்கு வேலை இல்லை. தேநீரை நாம் கொண்டுவருகிறோம்.